பேர்னஸ் ஓடுவது ஒரு குற்றமா?

கனடாவின் ரொறன்ரோப் பெரும்பாகத்திலே வாழுகின்ற எம்மவரின் வீடுகளில், மார்கழி பிறந்ததும் ஒரு கேள்வி தவறாமல் எழுகின்றது. "இந்தப் பேர்னஸ் ஒரு மணித்தியாலத்துக்கு எத்தனை தரம் ஓடவேணும்?" என்பதே அக்கேள்வி. வீட்டின் கீழ்த்தளத்திலே இருந்துகொண்டு, எரிவாயுவை எரித்து, காற்றைச் சூடாக்கி, தகரக் குழாய்களின் வழியே அறைதோறும் அனுப்புகின்ற உலையைத்தான் அங்கே பேர்னஸ் என்கிறார்கள். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ இருந்து இதனை வாசிக்கும் அன்பர்களுக்கு இஃது ஓர் அற்பமான சங்கதியாகத் தோன்றலாம். பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை குளிர் நிலவுகின்ற இரவிலே, அந்த உலைதான் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றி வைத்திருக்கின்றது என்பதை மனதிற்கொண்டு மேலே வாசிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி நியாயமானது. அதற்குக் கிடைக்கின்ற பதில்கள்தாம் அநியாயமானவை. "நிக்காமல் ஓடுது, புதுசு போடுங்கோ" என்கிறார் ஒருவர். "நிக்காமல் ஓடுது, குறைச்சு வையுங்கோ" என்கிறார் இன்னொருவர். முன்னவர் பேர்னஸ் விற்பவர். பின்னவர் வீட்டின் கீழ்ப்பகுதியை வாடகைக்கு விட்டிருப்பவர். இவ்விருவருக்கும் பொதுவான கருத்து ஒன்று உண்டு. உலை ஓடுவது ஒரு குற்றம் என்பதே அது. இக்கருத்தினை நான் முற்றாக மறுக்கிறேன். இதனால் எம்மவர் பணத்தை இழந்திருக்கிறார்கள். எம்மவர் பிள்ளைகள் குளிரிலே நடுங்கியிருக்கிறார்கள். இழக்கச் செய்தவர்களிலும் நடுங்கச் செய்தவர்களிலும் எம்மவர் இருக்கிறார்கள் என்பதனாலேயே இதனை எழுதவேண்டியிருக்கின்றது.

முதலிலே கணக்கைப் பார்ப்போம். கலைப் பட்டதாரியான பத்திரிகைக்காரனுக்கு விஞ்ஞானம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். இதற்கு ஐந்தாம் வகுப்புப் பெருக்கலும் பிரித்தலும் போதும்.

ஒரு வீடு இழக்கின்ற வெப்பம், உள்ளே இருக்கும் வெப்பநிலைக்கும் வெளியே இருக்கும் வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. வீட்டினுள்ளே 21 பாகை செல்சியஸ், வெளியே 1 பாகை என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 20. இன்னொரு நாள் வெளியே பூச்சியத்துக்குக் கீழே 19 பாகை. வித்தியாசம் 40. ஆகவே அந்த நாளிலே வீடு இரண்டு மடங்கு வெப்பத்தை இழக்கின்றது. ரொறன்ரோவிலே கட்டடங்களுக்கு வெப்பக் கணக்குப் போடுவோர், பூச்சியத்துக்குக் கீழே 18 முதல் 20 பாகை வரையிலான குளிரைத்தான் அடிப்படையாகக் கொள்வர். அந்தக் குளிருக்குச் சரியாக அளந்து பொருத்திய உலை, அத்தகைய இரவிலே மணித்தியாலம் முழுவதும் ஓடும். ஓடத்தான் வேண்டும். அதற்காகத்தான் அந்த அளவிலே அதனை வாங்கினோம். அதே உலை, வெளியே 1 பாகை நிலவும் நாளிலே மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 30 நிமிடம் ஓடினாற் போதும்.

அந்த 30 நிமிடத்தை எத்தனை தரமாகப் பிரிப்பது என்பதைத் தீர்மானிப்பது சுவரிலே இருக்கின்ற தேர்மோஸ்ரற். வினைத்திறன் கூடிய இன்றைய உலைகளுக்கு மணித்தியாலத்துக்கு 3 தரம் என்றே அது பெரும்பாலும் அமைக்கப்படுகின்றது. அப்படியாயின் 10 நிமிட ஓட்டம், 10 நிமிட ஓய்வு, மீண்டும் 10 நிமிட ஓட்டம் என்று போகும். பழைய உலைகளிலே 5 தரம் வரையிலும் இருக்கலாம்.

இங்கேதான் கவனிக்கவேண்டிய சங்கதி ஒன்று உண்டு. வெளியே பூச்சியத்துக்குக் கீழே 15 பாகை என்றால், அதே உலை மணித்தியாலத்தில் 54 நிமிடம் ஓடவேண்டும். ஓய்வுக்கு எஞ்சுவது 6 நிமிடம். அந்த 6 நிமிடத்தையும் மூன்று துண்டாக்க முடியாது. எனவே அது மணித்தியாலத்துக்கு ஒரு தரமே நின்று, மீண்டும் தொடங்கும். அதாவது குளிர் கூடக்கூட உலை தொடங்குகின்ற தடவைகள் குறைகின்றன. ஒவ்வொரு தடவையும் ஓடும் நேரம் நீள்கின்றது. மிகக் கூடுதலான தடவைகள் நிகழ்வது, பாதி நேரம் மட்டும் ஓடினாற் போதுமான மிதமான நாட்களிலேயே. ஆகவே "எத்தனை தரம்" என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எவரும் உலைக்குச் சாதகம் பார்க்க முடியாது. அன்றைக்கு வெளியே எத்தனை பாகை என்று கேட்காமல் தீர்ப்புச் சொல்பவர், ஒன்றில் விசயம் தெரியாதவர், அல்லது எதையோ விற்க வந்தவர்.

அப்படியாயின் உலைக்கு நோயே வராதா? வரும். அந்த நோயின் அடையாளம் நீண்ட ஓட்டமல்ல, மூச்சுத்திணறல். இரண்டு மூன்று நிமிடம் ஓடி, நின்று, மீண்டும் தொடங்கி, மீண்டும் நிற்குமாயின் அதனைக் கவனிக்கவேண்டும். காரணங்கள் பல. காற்றை வடிகட்டும் பில்ரரிலே தூசி அடைந்திருக்கலாம். காற்றுப் போதாமல் உலை அளவுமீறிச் சூடாகி, பாதுகாப்பு ஆளி அதனை நிறுத்திவிடும். சுடரை உணரும் சிறு கம்பியிலே அழுக்குப் படிந்திருக்கலாம். வெளிச்சுவரிலே நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்ரிக் குழாயை உறைபனி மூடியிருக்கலாம். செலவைக் குறைப்பதாக எண்ணி அறைகளின் காற்று வாய்களை அடைத்திருக்கலாம். வெயில் விழுகின்ற சுவரிலே தேர்மோஸ்ரற் இருக்கலாம். இவற்றுட் பலவற்றைச் சில டொலர் பெறுமதியான ஒரு பில்ரரும், பனியை வழித்தெடுக்கும் ஒரு சவளும், தகுதிபெற்ற தொழினுட்பவியலாளர் ஒருவரின் அரைமணி நேர வேலையும் தீர்த்துவிடும். மிதமான நாளிலே உலை நிற்காமல் ஓடியும் வீடு சூடேறவில்லையாயின், அதுவும் கவனிக்கவேண்டிய நோயே. இவற்றைத் தவிர, கடுங்குளிர் நாளிலே உலை நெடுநேரம் ஓடுவது ஆரோக்கியத்தின் அடையாளம்.

மூச்சுத்திணறலுக்கு இன்னுமொரு காரணம் இருக்கின்றது. விற்பனை முகவர்கள் அதனைப் பற்றி வாயே திறப்பதில்லை. உலை வீட்டுக்குத் தேவையானதிலும் பெரிதாக இருப்பதே அது. இரண்டு மடங்கு பெரிய உலை, மாரியின் மிகக் குளிரான இரவிலேகூடப் பாதி நேரந்தான் ஓடும். மற்றைய நாட்களிலே பெரும் இரைச்சலோடு சூடான காற்றைச் சிறிது நேரம் வாரியிறைத்துவிட்டு நின்றுவிடும். தேர்மோஸ்ரற் இருக்கின்ற கூடம் சூடாகிவிடும். கடைசி அறைக்குச் சூடு போய்ச்சேர முன்னரே உலை அடங்கிவிடும். அடிக்கடி எரிந்து அணைவதனால் உறுப்புகளும் விரைவிலே தேயும். கனடாவிலே வீட்டின் வெப்ப இழப்பைக் கணக்கிட்டு உலையின் அளவைத் தெரிவுசெய்வதற்கென்றே சி.எஸ்.ஏ. எஃப்280 என்று ஒரு நியமம் இருக்கின்றது. சுவர், யன்னல், கூரை ஆகியவற்றை அளந்து போடவேண்டிய கணக்கு அது. உங்கள் வீட்டுக்கு உலை விற்க வந்தவர் யன்னலை அளந்தாரா என்று யோசித்துப் பாருங்கள்.

எனது தங்கையின் வீட்டுக்கு வந்தவர் அளக்கவில்லை. தங்கை ஸ்காபரோவிலே முப்பது வருடத்துக்கு மேலாக வாழ்கிறாள். 2015 பெப்ரவரியிலே, ரொறன்ரோ நகரம் உறைந்துபோய்க் கிடந்த மாதத்திலே, கழுத்திலே அடையாள அட்டையைத் தொங்கவிட்ட ஒருவர் கதவைத் தட்டியிருக்கிறார். எமது பிள்ளைதான். "உங்கட பேர்னஸ் நிக்காமல் ஓடுது அக்கா. களைச்சுப் போச்சு. இப்பிடியே விட்டால் ஒருநாள் நடுச்சாமத்திலை நிண்டுபோம்" என்றாராம். வெளியே இருந்த குளிரைப் பற்றி ஒரு சொல் இல்லை. 60,000 பி.ரி.யூ. உலை கழற்றப்பட்டு, 100,000 பி.ரி.யூ. உலை பூட்டப்பட்டது. விலைக்கு அல்ல, பத்து வருட மாத வாடகைக்கு. புதிய உலை ஐந்து நிமிடம் ஓடி நின்றது. "பாத்தீங்களோ அக்கா, எவ்வளவு கெதியா நிக்குது!" என்று அதனையே சாதனையாகக் காட்டிவிட்டுப் போனார். மேல்மாடியின் பின்னறை அன்று தொடக்கம் குளிர்கின்றது. 2021 இலே வீட்டுக் கடனை மாற்றி எழுத முனைந்தபோது, அவளுடைய வீட்டின் காணிப் பதிவிலே அந்நிறுவனம் தன் பெயரால் ஓர் உரிமை அறிவித்தலைப் பதிந்து வைத்திருந்தமை தெரியவந்தது. அதனை நீக்குவதற்குப் பல்லாயிரம் டொலர் கட்டவேண்டியிருந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த உலையை ஓடிய குற்றத்துக்காகக் கழற்றியதன் விலை அது.

இது தனி ஒரு வீட்டின் கதையாயின் சட்டம் மாறியிராது. 2018 மார்ச் 1 முதல், அழைக்காமல் வீடு தேடிவந்து உலை, குளிரூட்டி, தண்ணீர்ச் சூடாக்கி முதலியவற்றுக்கு ஒப்பந்தம் எழுதுவதை ஒன்ராரியோ மாகாண அரசு தடைசெய்தது. 2024 ஜூன் 6 முதல், இத்தகைய வீட்டுப் பாவனைப் பொருட்களுக்காகக் காணிப் பதிவிலே உரிமை அறிவித்தல் பதிவதையும் தடைசெய்து, ஏற்கெனவே பதிந்திருந்தவற்றையும் காலாவதியானவையாக்கியது. சட்டம் வந்துவிட்டது. ஆயினும், பயத்தை விற்பவருக்குக் கதவு ஒன்றுதான் வழி என்றில்லை. தொலைபேசி இருக்கின்றது, கோயில் வீதியும் கலியாண மண்டபமும் இருக்கின்றன, "எங்கட ஆள்" என்ற நம்பிக்கையும் இருக்கின்றது. அந்த நம்பிக்கையை முதலாக வைத்து வியாபாரம் செய்பவர்களைச் சமூகம் மேடையிலே ஏற்றிப் பொன்னாடை போர்த்துவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது.

இனி இரண்டாமவரிடம் வருவோம். இதனை வாசித்துச் சிலர் கோபிக்கக்கூடும். கோபிக்கட்டும்.

ரொறன்ரோவிலே எம்மவர் வீடுகளின் பேஸ்மென்ற்றிலே வாழுகின்ற இளைஞர்கள் பலருடன் நான் உரையாடியிருக்கிறேன். அகதி விண்ணப்பம் செய்துவிட்டுக் காத்திருப்பவர்கள், மாணவர்கள், இரவிலே தொழிற்சாலையிலும் பண்டகசாலையிலும் வேலை செய்பவர்கள். தேர்மோஸ்ரற் மேலே, வீட்டுச் சொந்தக்காரரின் கூடத்திலே இருக்கின்றது. சில வீடுகளிலே அதற்குப் பிளாஸ்ரிக் பெட்டி போட்டுப் பூட்டும் போட்டிருக்கிறார்கள். காலையிலே மேல்வீட்டார் வேலைக்குப் புறப்படும்போது, "ஆக்கள் இல்லாத வீட்டுக்கு என்னத்துக்கு ஹீற்" என்று குறைத்துவிட்டுப் போகிறார்கள். கீழே, இரவு முழுவதும் வேலை செய்துவிட்டு வந்த பிள்ளை அப்பொழுதுதான் படுக்கைக்குப் போகின்றது! அது ஆள் அல்லவா? சூடான காற்று மேலே எழும் என்பதும், நிலத்தோடு ஒட்டிய தளமே வீட்டிலே குளிரான தளம் என்பதும் எல்லோருக்கும் தெரிந்தவை. மேலே 18 பாகை என்றால் கீழே என்ன இருக்கும் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. ஒரு பிள்ளை வாய்திறந்து கேட்டபோது கிடைத்த பதில் இது: "தம்பி, நாள் முழுக்கப் பேர்னஸ் ஓடினால் பில்லை ஆர் கட்டுறது? இரண்டு சுவெற்றரைப் போடும்."

பில்லை யார் கட்டுவது என்ற கேள்விக்குப் பதில் ஏற்கெனவே இருக்கின்றது. ஹீற்றும் சேர்த்து வாடகை என்று பேசி மாதந்தோறும் வாங்குகின்ற பணத்திலே அந்தப் பில் அடங்கியிருக்கின்றது. வாங்கிய பணத்துக்குரிய வெப்பத்தைக் கொடாமல் விடுவதைச் சிக்கனம் என்று அழைக்க முடியாது. தராசிலே விரலை வைக்கின்ற கடைக்காரனுக்கு நாம் என்ன பெயர் சொல்லுவோமோ, அந்தப் பெயரே இதற்கும் பொருந்தும்.

சட்டமும் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. ரொறன்ரோ மாநகரின் விதிப்படி, குளிர் மாதங்களிலே, வெப்பம் வழங்கும் பொறுப்புள்ள சொந்தக்காரர் வாடகைக் குடியிருப்பிலே குறைந்தபட்சம் 21 பாகையைப் பேணவேண்டும். ஒன்ராரியோ மாகாணத்தின் பராமரிப்பு விதி குறைந்தபட்சம் 20 பாகை என்கிறது. அதனை எங்கே அளப்பது என்பதையும் அவ்விதி சொல்கிறது. தரையிலிருந்து ஒன்றரை மீற்றர் உயரத்திலே, வெளிச்சுவரிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி, மனிதர் வாழுகின்ற அறையிலே அளக்கவேண்டும். மேல்வீட்டுக் கூடத்துத் தேர்மோஸ்ரற் காட்டும் எண் கீழ்வீட்டுக்குச் சாட்சியாகாது. உலக சுகாதார நிறுவனம் 2018 இலே வெளியிட்ட வழிகாட்டலிலே, குளிர்காலத்தில் வீட்டினுள்ளே 18 பாகைக்குக் குறையாமல் இருப்பதே பொதுவாகப் பாதுகாப்பானது என்று கூறியிருக்கின்றது. அது வசதியின் எல்லையன்று, ஆரோக்கியத்தின் எல்லை.

வெப்பம் மறுக்கப்பட்டவன் சும்மா இருக்கமாட்டான். மலிவான மின்சூடாக்கியை வாங்கி, நீட்டிப்பு வயரிலே செருகி, கட்டிலருகே வைத்துக்கொண்டு தூங்குவான். காஸ் அடுப்பின் சூளைக் கதவைத் திறந்துவைத்துக் குளிர்காய்வான். நிறமும் மணமும் இல்லாத காபன் மொனொக்சைட்டு உறக்கத்திலேயே உயிரை எடுக்கவல்லது. 20 டொலர் மிச்சம் பிடித்தவரின் பிள்ளைகளும் அதே கூரையின் கீழேதான் உறங்குகிறார்கள்.

"எரிவாயு விலை தெரியுமா? கனடாவிலே வீட்டைக் கட்டிக்காப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. தெரியும். வீட்டுக் கடனின் வட்டி கழுத்தை நெரிப்பதும் தெரியும். ஆனால் 2025 ஏப்ரல் 1 முதல் எரிவாயுப் பில்லிலே இருந்த சமஷ்டி அரசின் காபன் கட்டணம் நீக்கப்பட்டதே, அந்த மிச்சத்திலே ஒரு பாகையாவது கீழ்வீட்டுக்கு இறங்கியதா? செலவைக் குறைக்க நேர்மையான வழிகள் பல இருக்கின்றன. 2019 ஜூலை 3 முதல் கனடாவிலே விற்பனைக்கெனத் தயாரிக்கப்படும் வீட்டு எரிவாயு உலைகள் 95 வீத வினைத்திறனாவது கொண்டிருக்கவேண்டும் என்பது விதி. அத்தகைய உலை எரிக்கின்ற எரிவாயுவிலே மிகப் பெரும்பகுதி வீட்டுக்குள்ளேயே வெப்பமாக வந்துசேர்கின்றது. அதன் பிறகு அது கதவிடுக்கிலும் யன்னற் சட்டத்திலும் கூரையிலும் வெளியேறிவிடுகின்றது. உங்கள் பணத்தைத் தின்பது உலையின் ஓட்டமல்ல, வீட்டின் ஓட்டை. ஓட்டையை அடையுங்கள். கூரையின் கீழே வெப்பக் காப்பைத் தடிப்பாக்குங்கள். பில்ரரை மாற்றுங்கள்.

சொந்த வீட்டிலே தாமே குறைத்து வைக்க விரும்புபவர் தாராளமாகச் செய்யலாம். நாளொன்றுக்கு 8 மணித்தியாலம் 4 முதல் 6 பாகை வரை குறைத்து வைத்தால், வருடச் செலவிலே 10 வீதம் வரை மிச்சமாகலாம் என்று அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் கூறுகின்றது. குறைத்த வீட்டை மறுபடி சூடாக்க அதைவிடக் கூடுதலாகச் செலவாகும் என்று எம்மவரிடையே உலவும் கதை எரிவாயு உலைக்குப் பொருந்தாது. ஆனால் அந்தத் தெரிவு, அந்த வெப்பநிலையிலே வாழப்போகிறவருடைய தெரிவாக இருக்கவேண்டும். வயோதிபத் தாயையோ கைக்குழந்தையையோ கீழ்வீட்டுப் பிள்ளையையோ குளிரிலே வைத்துவிட்டு அடுத்தவர் செய்வதற்குத் தியாகம் என்று பெயரில்லை. ஊருக்குப் போகும்போது உலையை அடியோடு நிறுத்திவிட்டுப் போகின்ற அதிமேதாவிகளுக்கும் ஒரு வார்த்தை. தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்தால், நீங்கள் மிச்சம் பிடித்த எரிவாயுப் பணம் கம்பளத்தைக் காயவைக்கவும் காணாது. வெப்பத்தைப் பேணாமலும் வீட்டை எவரும் வந்து பார்க்காமலும் விட்டதற்காகக் காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் இடமுண்டு.

வாடகைக்கு இருப்பவர்களுக்கும் சொல்லவேண்டியது இருக்கின்றது. ஒரு வெப்பமானியை வாங்குங்கள். நாளையும் நேரத்தையும் பாகையையும் எழுதி வையுங்கள். படம் எடுத்து வையுங்கள். முதலிலே சொந்தக்காரரிடம் மரியாதையாக, எழுத்திலே கேளுங்கள். பயனில்லையாயின் ரொறன்ரோவிலே 311 என்ற இலக்கத்தை அழையுங்கள். வெப்பம் என்பது சட்டப்படி உயிர்நிலைச் சேவை. வாடகை பிந்தியிருந்தாலும்கூட அதனை நிறுத்தி வைக்கச் சொந்தக்காரருக்கு உரிமை கிடையாது. ஆனால் ஒன்ராரியோவின் வாடகைக் குடியிருப்புச் சட்டம், சமையலறையையோ குளியலறையையோ சொந்தக்காரருடன் பகிர்ந்து வாழ்பவர்களைத் தன் பாதுகாப்புக்கு வெளியே விட்டிருக்கின்றது. எம்மவர் பலர் அவ்வாறுதான் வாழ்கிறார்கள். வாய் திறந்தால் இடத்தைவிட்டு எழும்பவேண்டி வரும் என்ற பயமும் அவர்களுக்கு உண்டு. ஆகவே சட்டத்தை மட்டும் நம்பி நான் இதனை எழுதவில்லை.

இன்று ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் வீடு வைத்திருக்கின்ற எமது மூத்தவர்களில் எத்தனையோ பேர், 1983 ஜூலைக்குப் பின்னர் ஒரு பையோடு வந்து, இப்படியான ஒரு பேஸ்மென்ற்றிலேதான் கனடாவின் முதலாவது மாரியைக் கழித்தவர்கள். அந்தக் குளிர் எப்படிப்பட்டது என்பதை அவர்களுக்கு எந்த வெப்பமானியும் சொல்லத் தேவையில்லை. தாம் பட்டதைப் பின்னால் வருபவனும் படட்டும் என்று நினைப்பவர்கள் அவர்கள் என்று நான் நம்பவில்லை. பில்லைப் பார்த்த பயம் அவர்களை அப்படி நடக்கச் செய்கின்றது. அந்தப் பயத்தைத்தான் வாசலிலே நின்ற விற்பனை முகவரும் காசாக்கினார்.

ஆகவே தொடக்கத்திலே வைத்த கேள்விக்கு எனது பதில் இதுவே. மிதமான குளிரிலே மணித்தியாலத்துக்கு இரண்டு மூன்று தரம், ஒவ்வொரு தரமும் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடுமாயின் நன்று. கடுங்குளிரிலே நிற்காமல் ஓடி, வீட்டை 21 பாகையிலே வைத்திருக்குமாயின் அதுவும் நன்று. மூச்சுத்திணறி நின்று நின்று ஓடுமாயின் பில்ரரைப் பாருங்கள். பிறகு தகுதிபெற்ற ஒருவரை நீங்களாகத் தேடி அழையுங்கள். நிற்காமல் ஓடுகின்றது என்று எவராவது வந்து பயமுறுத்தினால், "இண்டைக்கு வெளியிலை எத்தனை பாகை?" என்று கேளுங்கள். கீழ்வீட்டுக்குச் சென்று, வெளிச்சுவரிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி நின்று வெப்பமானியைப் பாருங்கள். அது 21 இற்குக் கீழே இருந்தால், உங்கள் உலை இன்னும் போதிய அளவு ஓடவில்லை.